மேஜைக்கு அந்தப் பக்கம்!



இன்டர்வியூ என்ற சொல்லைக் கேட்டதுமே நம்மில் பலருக்கு நாக்கு வறண்டு போகிறது. சட்டையை அயர்ன் பண்ணுவது, பயோடேட்டாவைத் திருத்தி எழுதுவது, "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றால் என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்வது... இப்படி மேஜைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறவன் எப்படித் தயாராக வேண்டும் என்று சொல்லித் தர ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவர் எப்படித் தயாராக வேண்டும்? அதை யாரும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. அதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதப் போகிறேன்.

"நமக்கே இன்னும் வேலை கிடைக்கல, அதுக்குள்ள மேனேஜருக்குப் பாடமா?" என்று நீங்கள் சிரிப்பது என் காதில் விழுகிறது. மூன்று காரணம் சொல்கிறேன்.

ஒன்று, டிப்ளமோ படித்தவன் சில வருஷத்தில் சூப்பர்வைசர் ஆகிறான். பிட்டர், டர்னர், வெல்டர், ஹெல்பர் எடுக்கும்போது, "தம்பி, நீயும் கூட உட்காரு, உன் செக்ஷனுக்குத்தானே ஆள்" என்று மேனேஜர் கூப்பிடுவார். இரண்டு, நம்மில் சிலர் அம்பத்தூரிலோ, ஓசூரிலோ, கோவையிலோ இரண்டு லேத் போட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்குவோம். முதல் ஆளை எடுக்கும் அன்றே நாம்தான் மேனேஜர், நாம்தான் முதலாளி. மூன்று, அந்தப் பக்கத்து வேலை தெரிந்தவனுக்கு இந்தப் பக்கத்து பயம் பாதி குறையும்.

பேச்சு பொதுவாகப் போய்விடக் கூடாது என்பதற்காக ஒரே ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒரு சிறிய பட்டறைக்கு லேத் ஆப்பரேட்டர் ஒருவர் தேவை. அவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்முடையது.

1. முதலில், ஆள் எதற்கு?

பெரும்பாலான இடங்களில் இந்தக் கேள்விக்குப் பதில், "லேத்துக்கு ஒரு ஆள் வேணும், அனுபவம் இருந்தா நல்லது" என்பதோடு முடிந்துவிடும். இது போதாது. இதற்கு முன் அந்த மெஷினில் நின்றவர் ஒரு ஷிப்டில் என்னென்ன செய்தார் என்று காகிதத்தில் எழுத வேண்டும். டிராயிங் படித்தார், ராடை சக்கில் பிடித்தார், டூல் செட் பண்ணினார், மைக்ரோமீட்டரில் அளந்தார், ரிஜக்ட் ஆனதைத் தனியே வைத்தார், அடுத்த ஷிப்ட்காரரிடம் விவரம் சொல்லிவிட்டுப் போனார். மெஷின் பக்கத்தில் அரை நாள் நின்று பார்த்தாலே இந்தப் பட்டியல் கைக்கு வந்துவிடும்.

அதிலிருந்து ஆறு தலைப்பு எடுக்கலாம்: டிராயிங் படிப்பது, அளவெடுப்பது, மெஷின் செட்டிங், பாதுகாப்பு, நேர்மை, மற்றவரோடு சேர்ந்து வேலை செய்வது. பதினைந்து தலைப்பு வேண்டாம். அத்தனையையும் யாராலும் மனதில் வைத்து மதிப்பிட முடியாது.

இன்னொன்றும் முக்கியம். எது வந்த பிறகு கற்றுக்கொடுக்கக் கூடியது, எது வரும்போதே இருக்க வேண்டியது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். நம் பட்டறை ரிஜிஸ்டரில் எப்படி எழுதுவது என்பதை ஒரே நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம். மைக்ரோமீட்டரைக் கையில் பிடித்தே பழக்கமில்லாதவருக்கு நாள் பிடிக்கும். தப்பை மறைக்கிற குணத்தை மாற்ற எத்தனை நாள் ஆகும் என்று சொல்லவே முடியாது!

நம் முன்னோருக்கும் இது தெரியாத விஷயமில்லை. திருக்குறளில் பொருட்பாலில் 51-ஆவது அதிகாரம் 'தெரிந்து தெளிதல்', 52-ஆவது 'தெரிந்து வினையாடல்'. ஆளை ஆராய்ந்து தேர்வது ஒன்று, தேர்ந்தவரைத் தகுந்த வேலையில் வைப்பது இன்னொன்று. வள்ளுவர் இரண்டையும் தனித்தனி அதிகாரமாக வைத்திருக்கிறார்.

2. கேள்வித்தாள் நமக்கும் உண்டு!

செமஸ்டர் பரீட்சையில் நம்மில் ஒருவனுக்கு ஒரு கேள்வித்தாள், பக்கத்து பெஞ்சில் இருப்பவனுக்கு வேறு கேள்வித்தாள் கொடுத்துவிட்டு, இருவரில் யார் கெட்டிக்காரன் என்று மார்க்கை வைத்து முடிவு செய்தால் நாம் ஒப்புக்கொள்வோமா? ஸ்டிரைக்கே பண்ணுவோம். ஆனால் இன்டர்வியூவில் தினமும் அதுதான் நடக்கிறது. முதலில் வந்தவரிடம் கிரிக்கெட், இரண்டாமவரிடம் பழைய கம்பெனி, மூன்றாமவரிடம் சம்பளம்! கடைசியில் "ரெண்டாவதா வந்த பையன் தேவலாம்" என்று முடிவு.

ஆகவே, வருகிற எல்லோரிடமும் கேட்க வேண்டிய எட்டுப் பத்துக் கேள்விகளை முன்கூட்டியே எழுதி, அதே வரிசையில் கேட்க வேண்டும். கேள்விகள் இரண்டு வகை.

முதல் வகை நடந்ததைக் கேட்பது. "நீங்க செஞ்ச ஜாப் ஏதாவது ரிஜக்ட் ஆயிருக்கா? அன்னிக்கு என்ன நடந்தது, நீங்க என்ன செஞ்சீங்க?"

இரண்டாவது வகை, நடக்கக் கூடிய ஒரு நிலைமையைச் சொல்லிக் கேட்பது. "20 மி.மீ. வர வேண்டிய ஜாப், டாலரன்ஸ் கூட்டியோ குறைத்தோ 0.05. அளந்து பாத்தா 19.90 இருக்கு. ஷிப்ட் முடிய பத்து நிமிஷம். சூப்பர்வைசர் பக்கத்துல இல்ல. என்ன செய்வீங்க?"

இந்தக் கேள்வியில் ஆங்கிலப் புலமையும் இல்லை, மனப்பாடமும் இல்லை. 19.95-க்குக் கீழே போனால் ரிஜக்ட் என்பது தெரிகிறதா என்பது ஒரு பக்கம். தெரிந்தபின் மனிதர் என்ன செய்வார் என்பது இன்னொரு பக்கம்.

"உங்க பலவீனம் என்ன?" என்பது போன்ற கேள்விகளால் பிரயோஜனம் குறைவு. எல்லோரும், "ரொம்ப உழைப்பேன் சார், அதான் என் பலவீனம்" என்றுதான் சொல்லப் போகிறார்கள்! பார்முலா கேள்வியிலும் எச்சரிக்கை தேவை. 25 மி.மீ. மைல்ட் ஸ்டீல் ராடு, கட்டிங் ஸ்பீடு நிமிஷத்துக்கு 30 மீட்டர் என்றால் ஸ்பிண்டில் வேகம் சுமார் 382 ஆர்.பி.எம். என்று நாம் உடனே கணக்குப் போட்டுவிடுவோம். ஆனால் மெஷினில் நிற்பவருக்குத் தேவை, எந்த லீவரை எந்த இடத்தில் போட்டால் அதற்குப் பக்கத்து வேகம் வரும் என்ற அறிவு. கேள்வி வேலையைச் சோதிக்க வேண்டும். நாம் படித்ததைக் காட்டிக்கொள்ளும் இடம் அதுவல்ல.

3. பதில் எப்படி இருந்தால் எத்தனை மார்க்?

கேள்வி எழுதியவுடன், அதன் கீழே விடைக்குறிப்பும் எழுத வேண்டும். நம் பேப்பரைத் திருத்தும் ஆசிரியர்களிடம் இருப்பது போல. மேலே சொன்ன 19.90 கேள்விக்கு இப்படி எழுதலாம்:

5 மார்க்: ஜாபைத் தனியே வைத்துக் குறி போடுவேன். சூப்பர்வைசரிடமோ அடுத்த ஷிப்ட்காரரிடமோ சொல்வேன். அளவு ஏன் குறைந்தது என்று டூலையும் செட்டிங்கையும் பார்ப்பேன்.

3 மார்க்: சூப்பர்வைசர் வந்ததும் சொல்வேன். (காரணம் தேடும் எண்ணம் இல்லை.)

1 மார்க்: மத்ததோட சேத்து வச்சுட்டுப் போயிடுவேன், யாரு பாக்கப் போறா?

கேள்வி கேட்பவர் இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கொரு தாள். ஒருவர் மார்க்கை இன்னொருவர் பார்க்காமல் போட வேண்டும். கடைசியில் ஒப்பிட்டு, பெரிய வித்தியாசம் இருக்கும் இடத்தில் மட்டும், அவர் என்ன சொன்னார் என்பதை எடுத்து வைத்துப் பேச வேண்டும். பெரியவர் முதலில் "பையன் சரியில்லப்பா" என்று சொல்லிவிட்டால், சின்னவர் தன் மார்க்கை அழித்து எழுதுவார். இது மனித சுபாவம்.

4. "பார்த்தாலே தெரிஞ்சுடும்" என்பவர்களுக்கு

"இத்தனை வருஷ சர்வீஸ். ஆள் உள்ளே வரும்போதே எனக்குத் தெரிஞ்சுடும்" என்று சொல்பவர்கள் உண்டு. அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கண் நம்மை ஏமாற்றும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது.

எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1920-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழே இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை அவர் ஆராய்ந்தார். உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, நடத்தை எல்லாம் வேறு வேறு விஷயங்கள். ஆனால் ஒன்றில் அதிக மார்க் வாங்கியவருக்கு மற்றவற்றிலும் அதிகமாகவே விழுந்திருந்தது. ஒரு நல்ல அம்சத்தின் ஒளி மற்ற எல்லாவற்றின் மேலும் பட்டுவிடுகிறது. சாமி படத்தில் தலையைச் சுற்றி இருக்குமே ஒளிவட்டம், அதன் பெயரையே இதற்கு வைத்தார்கள். நம் ஊரில் இந்த ஒளிவட்டம் பெரும்பாலும் சரளமான ஆங்கிலத்தில் இருந்து வருகிறது.

அடுத்தது டேனியல் கானமன் கதை. 2002-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். 1955-இல் அவர் இஸ்ரேல் ராணுவத்தில் 21 வயது லெப்டினன்ட். புதிதாகச் சேரும் வீரர்களை இன்டர்வியூ செய்யும் முறையைச் சீர்திருத்தும் வேலை அவருக்கு வந்தது. அதுவரை, கேட்பவர் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்துவிட்டு மொத்தமாக ஒரு அபிப்பிராயம் சொல்வார். அந்த அபிப்பிராயத்துக்கும் பிற்காலத்தில் அந்த வீரர் வேலை செய்த விதத்துக்கும் ஏறக்குறைய சம்பந்தமே இல்லை என்று தெரிந்தது. கானமன் ஆறு குணங்களை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும், நடந்த விஷயங்களைப் பற்றிய கேள்விகளை வரிசையாகக் கேட்கச் சொன்னார். ஒரு குணத்துக்கு மார்க் போட்ட பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்றார். இன்டர்வியூ செய்பவர்கள், எங்களை இயந்திரமாக்கப் பார்க்கிறாயா என்று கோபப்பட்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, எல்லாக் கேள்வியும் முடிந்தபின் கண்ணை மூடி யோசித்து ஒரு மொத்த மார்க் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

முடிவு என்ன தெரியுமா? ஆறு மார்க்கின் கூட்டுத்தொகை பழைய முறையைவிட நன்றாகவே பலித்தது. அதிசயம் என்னவென்றால், கண்ணை மூடிப் போட்ட மார்க்கும் நன்றாகப் பலித்தது! அதாவது உள்ளுணர்வு பயனற்றதல்ல. ஆனால் விவரங்களை ஒழுங்காகச் சேகரித்த பிறகுதான் அதற்கு மதிப்பு வருகிறது. சர்வீஸ் உள்ள பெரியவர்களும் தங்கள் அபிப்பிராயத்தைக் கடைசியில் தாராளமாகச் சொல்லலாம். முதலில் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

2022-இல் பால் சாக்கெட் என்ற அறிஞரின் குழு, ஆளெடுப்பு முறைகளைப் பற்றி அதுவரை வந்த ஆராய்ச்சிகளை மறுபடி கணக்கிட்டு வெளியிட்டது. தேர்வில் வாங்கிய மார்க்கும் பிறகு வேலையில் காட்டிய திறமையும் முழுக்க ஒத்துப்போனால் 1, சம்பந்தமே இல்லையென்றால் 0. கேள்வியும் மார்க்கும் முன்பே வகுத்த இன்டர்வியூவுக்கு 0.42 வந்தது. சும்மா பேசிப் பார்க்கும் இன்டர்வியூவுக்கு 0.19. அதே மேஜை, அதே நாற்காலி. வித்தியாசம் முன்தயாரிப்பில் இருக்கிறது. அதேசமயம் 0.42 என்பது 1 அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. நன்றாகத் தயாரித்த இன்டர்வியூவும் தவறலாம். அதனால்தான் அடுத்த படி.

5. கையில் வேலையைக் கொடுத்துப் பாருங்கள்

நீச்சல் தெரியுமா என்று கரையில் நின்று கேட்பதைவிடத் தண்ணீரில் இறக்கிப் பார்ப்பது நல்லது. 25 மி.மீ. ராடு ஒன்று, 20 மி.மீ. விட்டத்துக்கு 40 மி.மீ. நீளம் கடைய வேண்டும். டிராயிங், மைக்ரோமீட்டர், வெர்னியர் மேஜை மேல். நேரம் 45 நிமிஷம். எல்லோருக்கும் ஒரே மெட்டீரியல், ஒரே மெஷின், ஒரே டிராயிங். மெஷின் அவருக்குப் புதிது என்பதால் பழகிப் பார்க்கப் பத்து நிமிஷம் தனியாகக் கொடுக்க வேண்டும். முதல் நாளே நாம் ஒரு ஜாப் கடைந்து, கொடுத்த நேரம் போதுமா என்று பார்த்துக்கொள்வது நியாயம்.

கடைசியில் வரும் அளவை மட்டும் பார்த்தால் போதாது. சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மெஷினை ஓட விடுகிறாரா? கண்ணாடி போட்டாரா? முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டாரா? ஓடும் மெஷினில் கையுறையோடு கை வைக்கிறாரா? சீவலைக் கையால் இழுக்கிறாரா? இதெல்லாம் பேச்சில் வெளியே வராது.

ஒரு கண்டிப்பான விதியும் முன்பே எழுதி வையுங்கள். பாதுகாப்பில் 3-க்குக் கீழே வாங்கியவரை, மொத்தத்தில் எவ்வளவு வாங்கியிருந்தாலும், அப்படியே மெஷினில் நிறுத்தக் கூடாது. தப்பான ஆளை எடுத்தால் முதலாளிக்கு மெட்டீரியல்தான் நஷ்டம். அந்த ஆளுக்குப் போவது விரல்!

மார்க் எப்படி உதவும் என்று பார்ப்போம். முதலாமவர் கலகலப்பானவர், பேச்சில் வல்லவர். மேலே சொன்ன ஆறு தலைப்பில் அவருக்கு 3, 2, 3, 2, 2, 5, மொத்தம் 17 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவர் கூச்ச சுபாவம், நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அவருக்கு 4, 5, 4, 4, 5, 2, மொத்தம் 24. தாள் இல்லாவிட்டால் நாம் யாரை எடுத்திருப்போம்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

6. கேட்கக் கூடாதவை

என் பெரியம்மா மகன் அண்ணன் ஒருவர் ஐ.டி.ஐ. டர்னர். ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனார். காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள், மதியம் மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே மூன்று நிமிஷம். "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு? அப்பா என்ன பண்றார்?" இவ்வளவுதான் கேள்வி. லேத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். இன்று வரை சொல்லி அனுப்பவில்லை. அன்றைய நாள் கூலி போனது, பஸ் காசு போனது. அதைவிட, 'எந்தத் தெரு' என்ற கேள்வி அவர் மனசில் இன்னும் கிடக்கிறது. ஊர்த் தெருவைக் கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

இது உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம். ஸ்ரீநகர் ரீஜனல் இன்ஜினியரிங் கல்லூரி அட்மிஷனில் எழுத்துத் தேர்வுக்கு 100 மார்க், நேர்முகத்துக்கு 50 மார்க் வைத்திருந்தார்கள். ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிஷம்தான் நேர்முகம், பாடத்தை விட்டுவிட்டுப் பெற்றோர், வீடு பற்றிக் கேட்டார்கள் என்பது மாணவர்கள் போட்ட வழக்கு. அஜய் ஹாசியா வழக்கு என்று பெயர். 1980 நவம்பரில் தீர்ப்பு வந்தது. நேர்முகத்துக்கு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு மார்க் என்பது நியாயமற்றது, 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றது நீதிமன்றம். நேர்முகத்தை டேப்பில் பதிவு செய்வது நல்லது என்றும் யோசனை சொன்னது. அது கல்லூரி அட்மிஷன் வழக்குதான். ஆனாலும் பாடம் நமக்கும் பொருந்தும். பின்னர் மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல், கெஜட்டட் அல்லாத 'பி' பிரிவு மற்றும் அதற்குக் கீழ்ப்பட்ட பணிகளுக்கு இன்டர்வியூவையே எடுத்துவிட்டது. கைத்திறன் தேர்வு மட்டும் தேவைப்படும் இடத்தில் தொடரலாம் என்றது.

ஆக, ஜாதி, மதம், தெரு, அப்பா வேலை, கட்சி எதுவும் லேத் ஓட்டுவதற்குத் தேவையில்லை. நம் வகுப்புத் தோழிகளிடம், "கல்யாணம் எப்போ? அப்புறம் வேலையை விட்டுடுவீங்களா?" என்று கேட்பதும் கூடாது. பெண் என்பதற்காக ஆளெடுப்பில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஷிப்ட் வேலைக்கு வர முடியுமா என்று கேட்க வேண்டுமானால் கேளுங்கள். ஆனால் ஆண், பெண் எல்லோரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள்.

7. அன்றைய ஏற்பாடு

சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஆனால் வருகிறவருக்குப் பெரியவை.

பயோடேட்டாவை முதல் நாளே படித்து, கேட்க வேண்டியதைக் குறித்து வையுங்கள். அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது முதல் தடவை புரட்டாதீர்கள். எல்லோரையும் ஒன்பது மணிக்கு வரச் சொல்லாமல் ஆளுக்கொரு நேரம் கொடுங்கள். டிரேட் டெஸ்ட் உண்டு என்பதையும், எந்தச் சர்ட்டிபிகேட் தேவை என்பதையும் முன்பே தெரிவியுங்கள். உட்கார நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் இருக்கட்டும். செல்போனை அணைத்து வையுங்கள். பதில் சொல்லும்போதே குறிப்பு எழுதுங்கள். பத்துப் பேரைப் பார்த்து முடித்தபின் மூன்றாமவர் சொன்னது ஞாபகம் இருக்காது.

அவர் கேட்கும் கேள்விகளுக்கும் நாம் பதிலோடு தயாராக இருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் உண்டா, பி.எப்., இ.எஸ்.ஐ. பிடிப்பார்களா, எத்தனை மாதம் டிரெயினிங் என்றெல்லாம் கேட்பார். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்பது பதிலாகாது.

கடைசியாக, முடிவை எந்தத் தேதிக்குள் சொல்வோம் என்று சொல்லி, சொன்ன தேதியில் சொல்லிவிடுங்கள். தேர்வாகாதவருக்கும்தான்! "இந்தத் தடவை இல்லைங்க, அளவெடுக்கறதுல இன்னும் கொஞ்சம் பழகிட்டு வாங்க" என்று ஒரு வரி போதும். அவர் வேறு இடம் தேடப் போகலாம்.

நமக்கு இதில் என்ன லாபம்?

இந்த ஏழு படியையும் திருப்பிப் படியுங்கள். அவரிடம் ஆறு தலைப்பு இருக்கும் என்று தெரிந்தால், அந்த ஆறு தலைப்புக்கும் நம் ஒர்க்ஷாப், பிராஜக்ட், இன்பிளான்ட் டிரெயினிங் அனுபவத்திலிருந்து ஆளுக்கொரு நிகழ்ச்சியை நாம் தயாராக வைத்திருக்கலாம். "நான் டீம் ஒர்க் பண்ணுவேன் சார்" என்பதைவிட, "எங்க பிராஜக்ட்ல கியர் வீல் தப்பா வந்துடுச்சு, நாங்க நாலு பேரும் இப்படிச் சரி பண்ணினோம்" என்பது மதிப்புள்ள பதில். கேட்பவர் தயாராக வராவிட்டாலும் கவலை வேண்டாம். வேலையைப் பற்றி அவர் கேட்கவில்லையென்றால், "சார், இந்த மெஷின்ல முக்கியமா என்ன ஜாப் ஓடுது?" என்று நாம் மரியாதையாகக் கேட்டுப் பேச்சை வேலைக்குக் கொண்டு வரலாம்.

நண்பர்களே! சர்ட்டிபிகேட் பைலைக் கையில் பிடித்துக்கொண்டு வராண்டாவில் காத்திருக்கும் ஒவ்வொருவருக்குப் பின்னாலும் ஒரு வீடு காத்திருக்கிறது. நம் தீர்ப்பு தவறலாம், அது மனித இயல்பு. தயார் செய்யாமல் தீர்ப்பு சொல்வது அநியாயம். இன்றைக்கே உங்கள் ஒர்க்ஷாப் ரெக்கார்டின் கடைசிப் பக்கத்தில் ஆறு கட்டம் போட்டு, உங்கள் துறையில் ஒரு ஆள் எடுப்பதானால் எந்த ஆறு தலைப்பு என்று எழுதிப் பாருங்கள். எலக்ட்ரிகல், சிவில், எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு வேறு வேறு ஆறு வரும். முதலில் அந்தத் தாளில் உங்களுக்கு நீங்களே மார்க் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு பத்திரமாக வையுங்கள். சீக்கிரமே அது தேவைப்படும்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை